தண்ணீர் வடிக்காத வயல்

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆடி முடிந்தும் பெரியபாளையத்தில் கூட்டம் குறையவில்லை. வேப்பிலையும் மஞ்சள் புடவையுமாக நிரம்பிய பஸ்ஸில் நின்றுகொண்டே காக்களூர் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு மனிதர்கள் வருவதில்லை. கம்பெனிகளிலிருந்து சீல் வைத்த பொட்டலங்கள்தான் வரும். இன்று ஒரு அம்மா நேரில் வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காலடியில் கட்டைப்பை. பெயர் குணசுந்தரி. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் ஆரணியாற்றை ஒட்டி நெல் வயல். கோடையில் அறுத்த நெல்லைக் குழந்தை உணவு செய்யும் ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"காட்மியம்னு சொல்றாங்க மேடம். அது இன்னா, பூச்சியா?"

"உலோகம்க்கா. ஈயம் இருக்குல்ல, அந்த மாதிரி."

"என் அரிசில ஈயமா? மொறத்துல கொட்டி நல்லாப் பாத்துட்டேனே."

சிரிக்கத் தோன்றவில்லை. நல்ல வெள்ளை அரிசி. நானும்தான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

பையில் எல்லாம் கொண்டுவந்திருந்தார். கிணற்றுத் தண்ணீர், வயல் மண், போட்ட உரம் ஒவ்வொன்றிலும் மீந்த கொஞ்சம், அதனதன் சாக்கோடு. "எதுலேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். என் பொண்ணு பூமிகாவுக்கு அஞ்சாம் மாசம். இந்த அரிசியத்தான் அவளுக்கும் அனுப்பிக்கினு இருந்தேன்."

எங்கள் மேலாளர் அருணாச்சலம் சார் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

ஆகஸ்ட் 20

அரிசியைக் கருவியில் ஓட்டினேன். அந்தக் கம்பெனி சொன்னது சரி. அனுமதித்த அளவுக்கு மேலேதான் இருக்கிறது.

இத்தனை வருஷம் இந்தக் கருவியோடு இருக்கிறேன், இன்னும் எனக்கு இது பழகவில்லை. காட்மியத்தைத் தேடுவதற்கு காட்மியத்தாலேயே செய்த விளக்கு. அதை ஏற்றினால் காட்மியத்துக்கே உரிய ஒரு வெளிச்சம் வரும். நம் கண்ணுக்கு அது தெரியாது. அரிசியை அமிலத்தில் கரைத்து, ஒரு துளியைச் சுட்டு ஆவியாக்கி, அந்த வெளிச்சத்தின் குறுக்கே நிறுத்துகிறோம். ஆவியில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு இருக்கும், உப்பு இருக்கும். எதுவும் அந்த வெளிச்சத்தைச் சீண்டாது. காட்மியம் மட்டும் தன்னுடையதை அடையாளம் கண்டு குடித்துக்கொள்ளும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு காட்மியம்.

நட்சத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் இதே வழியில்தான். நான் காக்களூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு அரிசிக்குள் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 22

கிணற்றுத் தண்ணீர் சுத்தம். மண்ணில் இருக்கிறது. அப்படியானால் உரம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

யூரியாவில் இல்லை. சூப்பர் பாஸ்பேட்டில் கொஞ்சம், ஆனால் அளவுக்குள். பொட்டாஷ் சரி.

கடைசியாக ஜிங்க் சல்பேட். பயிர் பழுப்படித்தால் போடும் வெள்ளைப் படிகம். கருவி அளக்க முடியாமல் நின்றது. பத்து மடங்கு நீர் சேர்த்தேன், போதவில்லை. நூறு மடங்கு. ஆயிரம் மடங்கு. பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று எழுத வேண்டியதை நூற்றுக்கு இத்தனை என்று எழுத வேண்டி வந்தது. இப்படி ஒரு எண்ணை நான் இதுவரை எழுதியதில்லை. பயமா வியப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

துத்தநாகமும் காட்மியமும் பூமிக்குள் ஒரே பாறையில் சேர்ந்தே கிடப்பவை. உருவம், குணம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. நெல்லின் வேருக்கு வித்தியாசம் தெரியாது. துத்தநாகம்தான் வந்திருக்கிறது என்று வாங்கி, தண்டில் ஏற்றி, மணியில் வைத்துவிடும். நம்பி வாங்கி வைத்துவிடும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கிறேன், எழுத வேண்டியதை எழுதாமல்.

சாக்கின் மேல் கம்பெனி பெயர் இருந்தது. கும்மிடிப்பூண்டி. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற கம்பெனி. பாக்கியராஜ் தினமும் காலையில் வேன் ஏறிப் போகிற இடம்.

ஆகஸ்ட் 26

அருணாச்சலம் சாரிடம் சொன்னேன். "என் வீட்டுக்காரர் அங்கதான் சார் வேலை செய்றார். இந்த ரிப்போர்ட்ல நான் கையெழுத்து போடக்கூடாது."

அவர் மாதிரியைப் புது டப்பாவில் மாற்றி, எண் மட்டும் ஒட்டி, என்னோடு வேலை செய்யும் ஸ்நேகாவிடம் கொடுத்தார். ஸ்நேகாவுக்கு எதுவும் தெரியாது. மாலையில் அவள் என் மேஜைக்கே வந்தாள்.

"அக்கா, மெஷின்ல ஏதோ கோளாறு. இப்படி ஒரு வேல்யூ வராது."

கோளாறு இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். இவர் சட்டையைத் துவைக்கப் போட்டேன். காலரில் எப்போதும் இருக்கும் அந்த வெள்ளைத் தூள். எத்தனை வருஷம் என் கையாலேயே தட்டிவிட்டிருப்பேன்.

சொல்லவில்லை. ரிப்போர்ட் குணசுந்தரி அக்காவுடையது. அவர் கைக்குப் போகுமுன் எப்படிச் சொல்வது. சொல்லாமல் எப்படிப் பக்கத்தில் படுப்பது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

குணசுந்தரி அக்கா வந்தார். அருணாச்சலம் சார் ரிப்போர்ட்டை விளக்கினார். பூமிகாவுக்கு அந்த அரிசியை நிறுத்தச் சொன்னோம். டாக்டரிடம் இந்தத் தாளைக் காட்டச் சொன்னோம். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். உர ஆய்வாளரிடம் இன்றைக்கே கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

வெளியே வந்தவரிடம் நானே போய்ச் சொன்னேன். "அக்கா, அந்தக் கம்பெனில என் ஊட்டுக்காரர் வேலை செய்றார். உங்களுக்குத் தெரியணும். அதான் நான் கையெழுத்து போடல."

திட்டுவார் என்று நினைத்தேன். இல்லையென்றால் வேறு பரிசோதனைக்கூடத்துக்குப் போகிறேன் என்பார் என்று.

அவர் என் முகத்தையே பார்த்தார். "என் வயலுக்கு மூட்டையில கொஞ்சம் வந்துச்சு. அவுரு நாள் பூரா அதுக்குள்ள நின்னுக்கினு இருக்காரே. மொதல்ல அவுர இட்டுக்கினு ஆஸ்பத்திரிக்குப் போ. நெல்லு அப்புறம்."

"நான் அவர்கிட்ட சொல்லலாமா?"

"இதுல என்னைக் கேக்கணுமா?"

பஸ் நிறுத்தம் வரை அவர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு போகம் நெல் போனவர். பிள்ளைத்தாய்ச்சி மகளுக்கு அந்த அரிசியையே அனுப்பியவர். எங்கிருந்து வருகிறது இந்த மனசு?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்ததும் இவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு கோபம்.

"உன் மெஷினு சொல்லிச்சுன்னு கம்பெனிய மூடிடுவாங்களா? அங்க எத்தினி குடும்பம் இருக்குது தெரியுமா? பக்கத்து ஊட்டு அந்தோணிக்குப் போன மாசந்தான் வேல பர்மனென்ட் ஆச்சு."

"உங்க சட்டைல இருக்கறதும் அதான்."

வெளியே போய் வண்டியைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து சொன்னார். முன்பெல்லாம் துத்தநாகச் சாம்பலை ஆசிட்டில் கரைத்த பிறகு, இரண்டாவது தொட்டியில் துத்தநாகப் பொடி போட்டுக் கலக்குவார்களாம். கறுப்பாக ஒன்று அடியில் இறங்கும், அதை வடிகட்டி எடுத்துவிடுவார்கள். போன வருஷம் எங்கிருந்தோ மலிவான தூள் லாரியில் வர ஆரம்பித்தது. சரக்கு சீக்கிரம் வேண்டும் என்று இரண்டாவது தொட்டியை நிறுத்திவிட்டார்கள்.

"அந்தக் கறுப்பு இன்னான்னு நாங்க யாரும் கேக்கல ஏஞ்சலு."

அதுதான் காட்மியம் என்றேன். பொடியாகப் போடும் துத்தநாகம் தான் கரைந்துபோய், கரைந்திருக்கும் காட்மியத்தை வெளியே இறக்கிவிடும். தன்னைக் கொடுத்து அதை மீட்கும். கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்த ஒரு வரி. இன்று அதை என் புருஷனுக்குச் சொல்கிறேன்.

செப்டம்பர் 9

இவருடைய சிறுநீர்ச் சோதனை வந்துவிட்டது. காட்மியம் இருக்கிறது, இருக்க வேண்டியதைவிட அதிகம். சிறுநீரகம் இன்னும் கெடவில்லை. தூளிலிருந்து விலகி இருக்கச் சொன்னார் டாக்டர். உள்ளே போனது வெளியே வருமா என்று இவர் கேட்டார். "வரும், ரொம்ப மெதுவா. பாதி குறையவே பல வருஷம் ஆகும்."

ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்தோம். "எனக்குப் பாத்த மாதிரி அந்தோணிக்கும் பாக்கணும்" என்றார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

உர ஆய்வாளர் கம்பெனிக்கு வந்து மாதிரி எடுத்திருக்கிறார். வருவதற்கு முன்பே எல்லோரையும் கூப்பிட்டு, கேட்டால் தெரியாது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆய்வாளர் இரண்டாவது தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, இது ஓடுகிறதா என்று கேட்டாராம். முதலாளி ஓடுகிறது என்றாராம். இவர், "இல்ல சார். போன வருஷத்துலேர்ந்து ஓடல" என்று சொல்லியிருக்கிறார். முதலாளி முன்னாலேயே.

வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லிவிட்டு, "பசிக்குது" என்றார். தட்டு வைத்தேன். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணம் ஆகி இத்தனை நாள் கழித்து ஒரு மனுஷனைப் புதிதாகப் பார்க்க முடியுமா? முடிகிறது.

செப்டம்பர் 24

விற்பனைக்குத் தடை. கடைகளிலிருந்து மூட்டைகள் திரும்புகின்றன. கம்பெனி மூடிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அந்தோணி பேசுவதில்லை. அவன் மனைவி கிறிஸ்டினா குழாயடியில் என்னைப் பார்த்துக் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். என்னான்னு சொல்றது அவங்ககிட்ட. உங்க புருஷன் உடம்புக்குத்தான் செஞ்சோம்னா? சோறு யாரு போடுவான்னு கேப்பாங்க. கேக்கட்டும். கேக்க வேண்டியதுதான்.

இவர் மீஞ்சூரில் நிலக்கரி லோடு ஏற்றப் போகிறார். சுமை வேலை. சட்டை கறுப்பாக வருகிறது. கறுப்பைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

குணசுந்தரி அக்கா வயலுக்குப் போனேன். நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பார்த்திபன் என்ற மண் விஞ்ஞானியும் வந்திருந்தார். நடவுக்கு முன்பே சுண்ணாம்பு போட வைத்தது அவர்தான். மண்ணின் புளிப்பு, அதாவது அமிலம், குறைந்தால் உலோகம் அதோடு ஒட்டிக்கொள்ளும்.

மண்ணை வாரி வெளியே கொட்டிவிட முடியாதா என்று அக்கா கேட்டார்.

"எங்க கொண்டு போய்க் கொட்டுவீங்க?" என்றார் பார்த்திபன். "இருக்கற எடத்துலயே பூட்டி வைக்கணும். பூட்டு உங்ககிட்டயே இருக்கு. தண்ணி. வயல்ல தண்ணி நிக்கிற வரைக்கும் வேர் அதை எடுக்காது. கடைசில அறுப்புக்காகத் தண்ணிய வடிக்கிறீங்க பாருங்க, அப்பதான் மணிக்குள்ள ஏறுது. மணி முத்தற வரைக்கும் வடிக்காதீங்க."

"சேத்துல எப்படி அறுக்கறது? மெஷினு எறங்காதே."

"செயின் போட்ட வண்டி எறங்கும். இல்லன்னா ஆளு வெச்சு அறுங்க."

அக்கா வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி" என்றார்.

நவம்பர் 23, ஞாயிறு

மழை விட்ட வெயிலில் மறுபடி போனேன். கதிர் வெளிவந்து பால் பிடித்திருக்கிறது. பார்த்திபன் கம்பி ஒன்றைச் சேற்றில் இறக்கி ஏதோ அளந்தார். பிறகு கையை விட்டு ஒரு பிடி எடுத்து என் மூக்கருகே நீட்டினார். கறுப்பு. அழுகிய முட்டை வாசனை.

"கந்தகம். காத்து போகாத எடத்துல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க செய்யறது. இந்தக் கந்தகம்தான் காட்மியத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு."

வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. ஒரு சாண் தண்ணீர். அதற்குக் கீழே ஒரு பிடி சேற்றில் எத்தனை கோடி உயிர்கள். யார் கூப்பிட்டது அவற்றை? நாம் தெரியாமல் கொட்டியதை, ஒன்று ஒன்றாகத் தேடிப் பிடித்துக் கல்லாக்கிக்கொண்டிருக்கின்றன. மேலே தவளை கத்துகிறது, கொக்கு நிற்கிறது, யாருக்கும் தெரியாது. பைபிளில் தேடினேன், இதைச் சொல்ல ஒரு வரி கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. சும்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

கம்பெனி திறந்துவிட்டது. இரண்டாவது தொட்டி ஓடுகிறது, மலிவுத் தூள் நின்றுவிட்டது. ஒவ்வொரு தொகுதியும் சோதனை முடிந்த பிறகுதான் மூட்டைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. வேலையாட்கள் எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை.

முதலாளி இவரைக் கூப்பிடுவார் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிட்டார். தூள் கொட்டுகிற இடம் வேண்டாம், வடிகட்டியில் நில் என்றாராம். முகத்தைப் பார்த்துப் பேசவில்லையாம். இவரும் பார்க்கவில்லையாம்.

முதல் நாள் வடிகட்டித் துணியிலிருந்து வழித்தெடுத்த கறுப்புக் கட்டியைக் கையுறையோடு தூக்கிப் பார்த்திருக்கிறார். "இம்மாங்கனம் ஏஞ்சலு. இத்தினியும் ஏதோ ஒரு ஊரு சோத்துக்குப் போயிருக்கும்." அதை எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டேன். ஆபத்துக் கழிவு வைக்கும் கிடங்குக்கு, சீல் வைத்து.

அந்தோணிக்கு இவரைவிட அதிகமாக இருந்தது. டாக்டர் அவனைத் தூளிலிருந்து மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். நேற்று கிறிஸ்டினா வந்தாள். ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு வைத்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 3, சனி

அறுப்பு. ஊரில் எல்லோரும் வயலை வடித்துக் காயவிட்டு மெஷினை இறக்கிவிட்டார்கள். அக்கா வயலில் மட்டும் கணுக்கால் தண்ணீர் நின்றது. கிண்டல் செய்திருக்கிறார்கள், மீன் பிடிக்கப் போறியா என்று. செயின் வண்டி ஒன்று ஆந்திராப் பக்கமிருந்து வந்தது. முனை ஒன்றில் அதுவும் திணறியது. அந்த இடத்தை ஆள் வைத்து அறுத்தார்கள். கதிரைத் தோளில் சுமந்து வரப்பேற்றினார்கள்.

நாலு மூலையிலும் நடுவிலும் மாதிரி எடுத்துக்கொண்டு வந்தோம். ஸ்நேகாதான் எடுத்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டேன்.

பூமிகாவுக்குப் பெண் குழந்தை. வயலிலேயே சர்க்கரை கொடுத்தார் அக்கா. தாய்க்கும் பிள்ளைக்கும் எல்லாச் சோதனையும் நல்லபடியாக வந்திருக்கிறதாம்.

ஜனவரி 9

ஸ்நேகா புது அரிசியை ஓட்டினாள். நான் பின்னால் நின்றேன். ஐந்து மாதிரிகள். விளக்கின் வெளிச்சம் கொஞ்சம்தான் குறைந்தது. ஐந்தும் அளவுக்குள். மெஷின் இறங்காத அந்த முனை மட்டும் எல்லையை ஒட்டி நிற்கிறது. உர மூட்டையைப் பிரித்தது அங்கேதானாம். அங்கே அடுத்த போகம் நெல் வேண்டாம் என்று பார்த்திபன் சொல்லிவிட்டார்.

மண்ணில் இருப்பது மண்ணிலேயே இருக்கிறது, ஒரு துளியும் எங்கும் போகவில்லை. ஒவ்வொரு போகமும் சுண்ணாம்பு, ஒவ்வொரு போகமும் தண்ணீர், ஒவ்வொரு போகமும் சோதனை. நம் ஆயுசுக்கும் இது முடியாது. ஆனாலும் அரிசி நல்ல அரிசி.

அருணாச்சலம் சார் போன் போட்டு அக்காவிடம் சொன்னார். அப்போ நெல்லை அரைக்கக் கொடுக்கலாமா என்று கேட்டாராம்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் முடிந்து அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். என் மாமியார் ரோசம்மாள் வரவில்லை என்றுவிட்டார். "அந்தத் தெருவுக்கு நான் நடவுக்குப் போயிருக்கேன். கொல்லப் பக்கமா நிக்க வெச்சுதான் கூழு ஊத்துவாங்க. உள்ள போய் நான் எங்க ஒக்கார்றது?" அக்காவே போனில் பேசினார். என்ன பேசினாரோ, மாமியார் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

கூடத்தில் வரிசையாக இலை. பூமிகா உள்ளறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்களை உட்கார வைத்துவிட்டு, அக்கா தனக்கும் ஒரு இலை போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். குண்டானிலிருந்து முதல் கரண்டிச் சோற்றைத் தன் இலையில் போட்டுக்கொண்டார். விருந்துக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரி முதலில் சாப்பிடுவதை நான் எங்கும் பார்த்ததில்லை.

"அந்த நெலத்துச் சோறு. நான் துன்னுட்டுத்தான் உங்களுக்குப் போடணும்" என்றார். குழம்புகூட ஊற்றிக்கொள்ளாமல் ஒரு வாய் மென்று விழுங்கினார். பிறகு எழுந்து கை கழுவி வந்து, முதலில் மாமியார் இலைக்குப் போனார்.

இவர் குனிந்து சாப்பிட்டார். நானும்.

பாதியில் மாமியார் நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றார்.